குளம் திறந்திருக்கிறது, படித்துறை யாருடையது?

"திறந்த மூல மென்பொருளில் சாதி கிடையாது. நிரலுக்கு சாதி தெரியாது."

கடந்த ஓராண்டில் இந்த வார்த்தைகளைப் பலமுறை கேட்டுவிட்டேன். சொன்னவர்கள் யாரும் மோசமானவர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு, ஒரு பைசா வாங்காமல், முன்பின் தெரியாதவர்களின் மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவிக் கொடுப்பவர்கள். நல்லவர்கள் நம்பிச் சொல்வதால்தான் இந்த வாக்கியத்தை யாரும் கேள்வி கேட்பதில்லை. நான் கேட்க விரும்புகிறேன்.

முதலில் நான் அங்கே ஏன் போனேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் வரலாற்றுத் துறையில் முனைவர் பட்ட ஆய்வாளன். தலித் இதழ்கள் குறித்து ஆய்வு செய்கிறேன். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய 'பறையன்', அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய 'தமிழன்' என்று நீளும் மரபு அது. கிடைத்த பக்கங்களையெல்லாம் படம் எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் படம் படம்தான். ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் மேய வேண்டும். படத்திலிருக்கும் எழுத்தைக் கணினியே படித்துத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்கலாம் என்றால் ஆய்வு உதவித்தொகை வந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. அப்போதுதான் நண்பன் ஒருவன் டெசராக்ட் பற்றிச் சொன்னான். எச்.பி. ஆய்வகத்தில் பிறந்து, 2005இல் மூலநிரல் திறந்துவிடப்பட்டு, பிறகு பல ஆண்டுகள் கூகுள் ஆதரவில் வளர்ந்த மென்பொருள். தமிழும் படிக்கும். இலவசம். "லினக்ஸ்ல போட்டா ஈசி. உங்க ஊர்லயே ஒரு யூசர் குரூப் இருக்கு, போய்ப் பாரு" என்றான்.

உண்மையில் எனக்கும் லினக்ஸுக்கும் அதுதான் முதல் சந்திப்பு அல்ல. 2012இல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று விண்டோஸ். இன்னொன்று சி-டாக் நிறுவனம் உருவாக்கிய போஸ் லினக்ஸ். பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்கும். அது என்ன, எதற்கு என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தாலுகா தலைநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அண்ணன், "இது சும்மா எடத்த அடச்சிக்கிட்டு இருக்கு" என்று இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அதை அழித்துக் கொடுத்தார். எங்கள் காலனியில் வந்த எல்லா மடிக்கணினிகளுக்கும் அதே கதிதான். கட்டற்ற மென்பொருள் எங்கள் தெருவுக்கு ஒருமுறை வந்தது. அறிமுகம் செய்துவைக்க ஆள் இல்லாததால் திரும்பிப் போய்விட்டது.

ஆகவே முப்பதைத் தாண்டிய வயதில் மறுபடியும் தொடக்கநிலை ஆளாகப் போனேன். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, ஒரு பொறியியல் கல்லூரியின் கணினிக்கூடம். பத்துப் பதினைந்து பேர். முதலில் அறிமுகம். பெயர், கல்லூரி, கம்பெனி. அரசு கலைக் கல்லூரி, வரலாறு என்று நான் சொன்னதும் "ஓ, ஆர்ட்ஸா?" என்று ஒரு குரல். அதில் இளக்காரம்கூட இல்லை, வெறும் ஆச்சரியம். தேநீர் இடைவேளையில் ஒருவர் வந்து தோளில் கை போட்டார். "நேட்டிவ் எது ப்ரோ?" மாவட்டத்தைச் சொன்னேன். "அதுல எங்க?" தாலுகாவைச் சொன்னேன். "அங்க எங்க?" ஊரைச் சொன்னேன். "அட, எங்க மாமா ஊரு பக்கம்தான். பஸ் ஸ்டாண்ட் பக்கமா, காலனிப் பக்கமா?"

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு இந்த நான்காவது கேள்வி தெரிந்திருக்கும். வீடு பார்க்கப் போகும்போது கேட்பார்கள். விடுதியில் கேட்பார்கள். நேர்காணலுக்குக் காத்திருக்கும் நாற்காலியில் கேட்பார்கள்.

"பஸ் ஸ்டாண்ட் பக்கம்" என்றேன். எங்கள் காலனிக்குப் பேருந்து வருவதே இல்லை. அம்பேத்கரைப் படித்து, அயோத்திதாசரை ஆய்வு செய்து, மேடையேறிப் பேசியும் வந்த நான், மென்பொருள் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் முதல் நாளே பொய் சொன்னேன். காரணம் எளிது. எனக்கு அன்று அவர்களின் உதவி தேவைப்பட்டது.

உதவி கிடைத்தது, அதையும் மறைக்கக் கூடாது. என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்ற ஒரு தம்பி நான்கு மணி நேரம் உட்கார்ந்தான். வைஃபை வேலை செய்யவில்லை. தன் கைப்பேசியைக் கம்பியில் இணைத்து, தன் டேட்டாவைச் செலவழித்து, தேவையானதையெல்லாம் இறக்கிக் கொடுத்தான். அன்று மாலையே டெசராக்ட் ஒரு பக்கத்தைப் படித்தது. பாதி தப்பு, பாதி சரி. 'தமிழன்' என்ற தலைப்பைத் திரையில் எழுத்தாகப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

மூன்றாவது கூட்டத்தில் ஒரு மூத்த பொறியாளர் ரூட் பயனர் என்றால் என்ன என்று வகுப்பெடுத்தார். ரூட் என்பது கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு. அதை எப்படி விளக்கினார் தெரியுமா? "ரூட்ங்கிறது கர்ப்பக்கிரகம் மாதிரி. கோயிலுக்கு எல்லாரும் வரலாம், சாமி கும்பிடலாம். ஆனா கர்ப்பக்கிரகத்துக்குள்ள குருக்கள் மட்டும்தான் போகணும். எல்லாரும் பூந்தா சிஸ்டம் கெட்டுப்போயிடும். அதுதான் செக்யூரிட்டி." எல்லோரும் சிரித்தார்கள். நல்ல உவமை என்றார்கள். நான் என் திரையில் 'பெர்மிஷன் டினைட்' என்ற எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உவமைதானே, இதைப் போய்ப் பெரிதாக்கலாமா என்று கேட்பீர்கள். பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்க இந்த மாநிலத்தில் சட்டம் வந்தது 1970இல். கருவறை நுழைவு உரிமைக்காகப் பேசிக்கொண்டேதான் 1973இல் பெரியார் மறைந்தார். அரசுப் பயிற்சிப் பள்ளியில் படித்து முடித்த 24 பேர் அர்ச்சகர் பணி ஆணை பெற்றது 2021இல். சட்டத்துக்கும் ஆணைக்கும் நடுவே அரை நூற்றாண்டு. அந்த அரை நூற்றாண்டுப் போராட்டம் எதை எதிர்த்து நடந்ததோ, அதுதான் அந்த வகுப்பறையில் 'பாதுகாப்பு' என்ற பெயரில் சிரிப்போடு கற்பிக்கப்பட்டது.

தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் அந்த உவமை தப்பு. ரூட் அதிகாரம் பிறப்பால் வருவதில்லை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், திரும்பப் பெறலாம். யார் எப்போது பயன்படுத்தினார் என்ற பதிவும் இருக்கும். கடவுச்சொல்லை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். கருவறையில் இதில் எது நடக்கும்? இந்த வித்தியாசம் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒரு பொறியாளரின் கண்ணில் படவில்லை. அவரைப் பொறுத்தவரை இரண்டுமே இயற்கையான ஒழுங்கு.

'திறந்த' என்ற சொல்லுக்கு வருவோம்.

1923இல் பம்பாய் சட்டமன்றம் ஒரு தீர்மானம் போட்டது. பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் குளம், கிணறு, பள்ளி எதையும் தீண்டப்படாதவர்களும் பயன்படுத்தலாம். 1924இல் மஹாத் நகராட்சி, சவுதார் குளம் எல்லோருக்கும் திறந்தது என்று தீர்மானித்தது. காகிதத்தில் குளம் திறந்துவிட்டது. ஆனால் அடுத்த மூன்று ஆண்டுகள் ஒரு கை நீரைக்கூட நம் மக்களால் அள்ள முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு நடந்து போய் அந்த நீரைக் குடித்தார். பிறகு என்ன நடந்தது? திரும்பியவர்களை அடித்தார்கள். பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள். அதே ஆண்டு நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு சாதகமாக வர 1937 ஆயிற்று.

கட்டற்ற மென்பொருளின் நான்கு சுதந்திரங்களை நான் மதிக்கிறேன். எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம், எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய அந்த இயக்கம், அறிவைப் பூட்டி வைப்பது தவறு என்று சொன்னது. வேதத்தைக் கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சமூகத்தில் இதைவிட நமக்கு நெருக்கமான கொள்கை எது? ஆனால் உரிமம் என்பது நகராட்சித் தீர்மானம். தீர்மானம் வேண்டும், அது இல்லாமல் எதுவும் இல்லை. தீர்மானம் மட்டுமே தாகம் தீர்த்ததாக வரலாறு இல்லை.

குளத்துக்கும் நமக்கும் நடுவே என்னென்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆங்கிலம். சொந்தமாக ஒரு கணினி. அது கெட்டுப்போனால் அடுத்த மாதச் செலவு இடிக்காத வருமானம். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம். திறந்த மூல உலகில் பெயர் எடுக்க வேண்டுமென்றால் மாலைகளையும் வார இறுதிகளையும் சம்பளமில்லாமல் கொடுக்க வேண்டும். என் விடுதி நண்பர்களின் ஞாயிறு எப்படிப் போனது தெரியுமா? ஒருவன் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறினான். ஒருவன் பெயின்ட் அடிக்கப் போனான். அவர்களின் ஞாயிறு ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது. அந்த ஞாயிறுகளைக் குறியீடு எழுதச் செலவிட முடிந்தவர்களின் உழைப்பை மட்டும் எண்ணி, அதற்குத் 'தகுதி' என்று பெயர் வைக்கிறோம்.

'மெரிட்டோகிரசி' என்ற சொல்லைப் பரவலாக்கியவர் மைக்கேல் யங். 1958இல் அவர் எழுதிய நூல் ஒரு நையாண்டி. தகுதியின் பெயரால் புதிய மேல்தட்டு உருவாகும் ஒரு பயங்கரமான எதிர்காலத்தை அதில் கேலி செய்தார். கேலியாகச் சொன்னதைக் கணினி உலகம் கொடியாகப் பிடித்துக்கொண்டது. ஐ.ஐ.டி.யில் 'தகுதி' என்பது எப்படிச் சாதியின் இன்னொரு பெயராக ஆனது என்று அஜந்தா சுப்ரமணியன் 2019இல் ஒரு நூலே எழுதினார். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மோசில்லா, 2018இல் தன் நிர்வாக ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லைக் கைவிட்டது. மோசில்லாவுக்கு வந்த சந்தேகம் எங்கள் கணினிக்கூடத்துக்கு இன்னும் வரவில்லை.

கணினித் துறையில் சாதி இல்லை என்போர் சில தேதிகளையாவது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2020இல் தலித் பொறியாளர் ஒருவர் சாதியப் பாகுபாட்டுக்கு ஆளானதாகக் கூறி, கலிபோர்னிய அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. 2023இல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கு கைவிடப்பட்டது, நிறுவனத்தின் மீதான வழக்கு தொடர்ந்தது. 2022இல் கூகுளில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேசவிருந்த கூட்டம் எதிர்ப்புக்குப் பணிந்து ரத்து செய்யப்பட்டது. அதை ஏற்பாடு செய்த தனுஜா குப்தா வேலையை விட்டே விலகினார். அயோத்திதாசரைப் படிக்க எனக்கு உதவும் மென்பொருளை வளர்த்த அதே நிறுவனம்தான். 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது.

அவ்வளவு தூரம் ஏன்? இங்கேயே பாருங்கள். எல்காட் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராக இருந்து அரசுக் கணினிகளில் லினக்ஸைக் கொண்டுவர முனைந்தவர் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். 2010இல் அவர் எதற்காகப் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்? அவருடைய பட்டியல் சாதிச் சான்றிதழ் போலி என்ற குற்றச்சாட்டில். எதிர்ப்பு எழுந்ததும் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தமிழ்நாட்டில் லினக்ஸ் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். குதித்துப் போகிறார்கள்.

ஆறாவது மாதம் நான் ஒரு கோரிக்கை வைத்தேன். குழுவுக்கென்று எழுதப்பட்ட நடத்தை விதிகள் வேண்டும், அதில் சாதி என்ற சொல் இருக்க வேண்டும். புதிதாக எதையும் எழுதச் சொல்லவில்லை. உலகம் முழுக்கப் பல்லாயிரம் திட்டங்கள் பயன்படுத்தும் 'கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்' என்ற விதித்தொகுப்பின் 2.1ஆம் பதிப்பில் இனம், நிறம், மதம் ஆகியவற்றோடு சாதியும் இருக்கிறது. லினக்ஸ் கருநிரல் திட்டம் 2018இல் ஏற்றுக்கொண்ட முந்தைய பதிப்பில் அந்தச் சொல் இல்லை. அதாவது யாரோ கேட்டார்கள், சேர்த்தார்கள். உலக அளவில் சேர்க்க முடிந்த ஒரு சொல்லை, சாதி பிறந்த மண்ணில் பதினைந்து பேர் கூடும் அறையில் சேர்க்க முடியாதா?

பதில்கள் வரிசையாக வந்தன. "இதுவரைக்கும் யாராவது கம்ப்ளைன்ட் பண்ணியிருக்காங்களா?" "இங்க டெக்னிக்கலா மட்டும் பேசலாமே." "நீங்க சொல்ற வரைக்கும் எனக்கு யாரு என்ன சாதின்னே தெரியாது ப்ரோ." கடைசி வாக்கியத்தைச் சொன்னவர், பஸ் ஸ்டாண்ட் பக்கமா காலனிப் பக்கமா என்று கேட்டவர்.

அவருக்கு அன்று பதில் சொன்னேன். "அண்ணா, முதல் நாள் நீங்க கேட்டதுக்கு நான் பொய் சொன்னேன். நான் காலனிப் பக்கம்." அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. பிறகு யாரோ ஒருவர், "சரி, அடுத்த மீட்டிங்ல பாப்போம்" என்றார். அதற்கப்புறம் நான்கு கூட்டங்கள் முடிந்துவிட்டன. இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தோடு நிறுத்தினால் நான் யோக்கியன், அவர்கள் அயோக்கியர்கள் என்று ஆகிவிடும். எட்டாவது மாதத்தில் ஒரு மாணவி வந்தார். பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. கையில் அண்ணனின் பழைய மடிக்கணினி. என் பக்கத்தில் உட்கார்ந்து, கோப்புகளை எங்கே சேமிப்பது என்று கேட்டார். நான் டெசராக்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், "மேனுவல்ல இருக்கும்மா, படிச்சிப் பாருங்க" என்றேன். எட்டே மாதத்தில் எனக்கும் அந்தத் தொனி வந்துவிட்டது. தெரிந்தவன் தெரியாதவரிடம் பேசும் தொனி. அந்தக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது என்பதும், முதல் நாள் எனக்காக ஒருவன் நான்கு மணி நேரம் உட்கார்ந்தான் என்பதும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. படிநிலை என்று அம்பேத்கர் விளக்கியது இதைத்தான். ஒவ்வொருவருக்கும் தனக்குக் கீழே ஒரு படி தேவைப்படுகிறது. எனக்குக் கிடைத்ததும் நான் அதில் ஏறி நின்றேன்.

நம் பக்கத்துக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், தோழர்களே. நம் கூட்டங்களுக்கான சுவரொட்டிகளைத் திருட்டு போட்டோஷாப்பில் செய்கிறோம். பல ஆண்டுப் போராட்டங்களின் படங்களையும் துண்டறிக்கைகளையும் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோம். ஒருநாள் அந்தப் பக்கத்தை முடக்கினால் நம் வரலாறு எங்கே போகும்? சீனிவாசனும் அயோத்திதாசரும் தங்களுக்கென்று இதழ் நடத்தினார்கள். மென்பொருள் என்றாலே ஐ.டி. கம்பெனி, அது மேல்தட்டு சமாச்சாரம் என்று நாம் ஒதுங்கினால், குளத்தை அவர்களுக்கே எழுதிக் கொடுக்கிறோம் என்று பொருள்.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. பெங்களூருவில் ஒரு குடிசைப் பகுதியில், கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் அப்பகுதி மக்களும் சேர்ந்து அம்பேத்கர் சமூகக் கணினி மையத்தைத் தொடங்கினார்கள். கழித்துக்கட்டிய கணினிகளில் லினக்ஸ் ஏற்றி, குழந்தைகள் ஜிம்ப்பில் படம் வரையக் கற்றார்கள். விழுப்புரத்தில் இயங்கும் லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி தருகிறது. ஆள் வரட்டும் என்று கணினிக்கூடத்தில் காத்திருக்காமல், ஆள் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

வேலையும் நிறைய இருக்கிறது, எல்லாமே நிரல் எழுதும் வேலை இல்லை. டெசராக்ட் இன்றைய தமிழை ஓரளவு நன்றாகப் படிக்கிறது. பழைய லை, ணை, றா, னா வடிவங்களைக் கண்டால் தடுமாறுகிறது. பெரியார் 1935இலிருந்து தன் இதழ்களில் பயன்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றது 1978இல். அதற்கு முன் அச்சான நம் இதழ்கள் எல்லாம் பெரும்பாலும் பழைய எழுத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பக்கங்களைப் பார்த்துச் சரியாகத் தட்டச்சு செய்து பயிற்சித் தரவாகக் கொடுத்தால் மென்பொருள் கற்றுக்கொள்ளும். அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். தமிழ் படிக்கத் தெரிந்தால் போதும். அதை நாம் செய்யாவிட்டால் யார் செய்வார்கள்? சங்க இலக்கியத்துக்கும் பக்தி இலக்கியத்துக்கும் ஆள் இருக்கிறது. 'பறையனு'க்கு யார் இருக்கிறார்கள்?

குழுவின் பெயரை நான் வேண்டுமென்றே சொல்லவில்லை. சொன்னால் அது அந்த ஒரு குழுவின் பிரச்சினையாகச் சுருங்கிவிடும். நான் அங்கிருந்து விலகவும் இல்லை. அந்த மாணவியின் எண்ணைத் தேடிப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். இந்த மாதம் வருகிறேன் என்றிருக்கிறார், தோழி ஒருத்தியையும் கூட்டிக்கொண்டு. கூட்டத்தின் முதல் ஒரு மணி நேரம் புதிதாக வருபவர்களுக்கு மட்டும், தமிழில் மட்டும் என்ற என் இன்னொரு கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு நான்கு மணி நேரம் கொடுத்த அந்தத் தம்பிதான் முதலில் ஆதரித்தான். நடத்தை விதிகளின் தமிழாக்கத்தை அச்சடித்து வைத்திருக்கிறேன். இரண்டாவது ஞாயிறு ஒவ்வொருவர் மேசையிலும் ஒரு பிரதி இருக்கும்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு குழு இருக்கும். போங்கள். எதுவும் தெரியாது என்று சொல்லிக்கொண்டே போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாக மட்டும் போகாதீர்கள், இரண்டு மூன்று பேராகப் போங்கள். தேநீர் இடைவேளையில் தோளில் கை போட்டு நேட்டிவ் எது என்று கேட்பார்கள். காலனிப் பக்கம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.